முன்வரிசையில் கிளைவுக்கு ஒரு கதிரை

தம்பி,

நீ கோபிப்பாய் என்று தெரிந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன். நேற்றுப் பின்னேரம் உன் கலியாணத்துக்கு அழைக்கப் போகிறவர்களின் பெயர்களைப் போனில் ஒவ்வொன்றாகச் சொன்னாய். உன்னோடு ஜிம்முக்கு வருகிற பெடியன் இருக்கிறான். நீ விட்டு வந்த பழைய கம்பனியின் மனேஜர் இருக்கிறார். இங்கே ஓக்லாந்தில், லின்ஃபீல்டில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்து, நாய் குரைத்த விஷயத்தில் என்னோடு சண்டை பிடித்துக்கொண்டு போன குடும்பம்கூட இருக்கிறது. கிளைவின் பெயர் மட்டும் வரவில்லை. மறந்துவிட்டாயாக்கும் என்று நானே கேட்டேன். நீ மறக்கவில்லை. ஆட்கள் கூடிவிட்டார்கள் என்றாய். அவர் எங்கள் சொந்தம் இல்லை என்றாய். அவருக்குக் காது அடியோடு போய்விட்டது, நாதஸ்வரமும் கேட்காது, மந்திரமும் கேட்காது, அவரைக் கூட்டிக்கொண்டு வந்து இருத்தி வைத்து என்ன பலன் என்றாய். பிறகு, சரி, வேண்டுமென்றால் ஒரு ஈமெயில் போட்டுவிடுகிறேன் என்றாய். இங்கிலிஷில் நீ சொன்னபோது ஏதோ நியாயம் போலத்தான் கேட்டது. இப்போது தமிழில் எழுதிப் பார்க்கிறேன், எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

சனிக்கிழமை தோறும் உன்னைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போக நான் பட்ட பாட்டுக்காவது இதை நீயே வாசிக்க வேண்டும். முடியாவிட்டால் உனக்கு வரப்போகிறவளிடம் கொடு. சென்னைப் பிள்ளை, அவளுக்குத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. கதிரை என்றால் நாற்காலி, பெடியன் என்றால் பையன், பின்னேரம் என்றால் சாயங்காலம், ஒழுங்கை என்றால் சந்து, தேத்தண்ணி என்றால் டீ என்று மட்டும் சொல்லி வை, மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள். அவளுக்கும் விஷயம் தெரியத்தானே வேண்டும். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரிலும் இந்தக் கடிதத்தைப் போடக் கொடுக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "குடுங்கோ, எல்லாரும் வாசிக்கட்டும்" என்றாள். முப்பது வருடத்தில் அவள் என் பக்கம் நின்ற விஷயங்கள் குறைவு. இது அதில் ஒன்று என்பதைக் கவனி.

கிளைவை நான் பெரிய மகானாக்கி எழுதப் போகிறேன் என்று பயப்படாதே. உனக்குத் தெரிந்த கிளைவ், பொக்கற்றில் பெப்பர்மின்ட் வைத்துக்கொண்டு பிறந்தநாளுக்கு வருகிற வெள்ளைக்கார மாமா. எனக்குத் தெரிந்த கிளைவிடம் நான் வேலை செய்தேன். அந்த மனுசனைப் போல என் உயிரை வாங்கிய இன்னொருவரை நான் இந்த நாட்டில் சந்திக்கவில்லை, உன்னைத் தவிர.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் இங்கே வந்து இறங்கியபோது, யாழ்ப்பாணத்தில் நான் படவரைஞராக இருந்ததைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஒடாஹுஹுவில் என் மாமி வீட்டில் தங்கிக்கொண்டு கிடைத்த வேலைக்கெல்லாம் போனேன். அப்படிக் கிடைத்ததுதான் கிளைவின் ஜாஸ் கிளப். குயின் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை, அதில் ஒரு சிவப்புக் கதவு, கதவைத் திறந்தால் நிலத்துக்குக் கீழே இறங்குகிற படி. கீழே ஒரு நீளமான அறை, ஒரு மூலையில் உயரமில்லாத ஒரு மேடை, மேடைக்கு நேர் முன்னால், வேறு இடமே கிடைக்காதது போல, ஒரு பெரிய கொங்கிரீட் தூண். மேலே நிற்கிற கட்டடத்தைத் தாங்குகிற தூண், அதைத் தொட முடியாது. சனம் கழுத்தை வளைத்து வளைத்துப் பார்க்கும். எனக்கு அந்தப் பின்பக்கச் சமையலறையில் வேலை. உருளைக்கிழங்கு பொரிப்பது, சான்ட்விச் சுடுவது, கோப்பை கழுவுவது. ஜாஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையும் இருக்கவில்லை.

அந்த மனுசனுக்கு அங்கே தனிச் சட்டம். வாசிக்கும்போது ஒருவரும் கதைக்கக்கூடாது. மெதுவாகக்கூடக் கதைக்கக்கூடாது. யாராவது வாயைத் திறந்தால் எழும்பிப் போய் அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார், ஒன்றும் சொல்லமாட்டார், சும்மா நிற்பார். வந்தவர்கள் வெட்கப்பட்டு வாயை மூட வேண்டும், இல்லாவிட்டால் எழும்பிப் போக வேண்டும். பாதிப் பேர் எழும்பித்தான் போனார்கள். இப்படி ஒரு வியாபாரம் நடத்துகிற ஆளை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? சரி, அது வந்தவர்களின் பாடு. சமையலறைக்கு ஏன் சட்டம்? பைப்பைத் திறந்தால் சுவருக்குள்ளே தண்ணீர் போகிற சத்தம் மேடையில் கேட்குமாம். அதனால் மெதுவான பாட்டு வாசிக்கும்போது நான் பைப்பைத் திறக்கக்கூடாது. எண்ணெய்ச் சட்டி சலசலக்கக்கூடாது. கழுவ வேண்டிய கோப்பைகள் மலை மாதிரி குவியும், நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். டபுள்பேஸ்காரர் ஒற்றைக் கம்பியைத் தடவித் தடவி எதையோ தேடிக்கொண்டிருப்பார். அவர் தேடியது கிடைத்த பிறகுதான் எனக்குத் தண்ணீர். ஒடாஹுஹு பஸ்ஸை எத்தனை தடவை அந்த ஆளால் தவறவிட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

மூன்றாவது சட்டம்தான் எல்லாவற்றிலும் மோசம். அந்த இடத்தில் கசெட், இசைத்தட்டு, ரேடியோ ஒன்றும் போடக்கூடாது. ஆட்கள் வாசித்தால் இசை, வாசிக்காவிட்டால் அமைதி, இரண்டுக்கும் நடுவில் எதுவும் கிடையாது என்பார். நான் சமையலறையில் தனியாக நின்று வெங்காயம் வெட்டும்போது ஒரு பக்திப் பாட்டுக் கசெட் போட்டதற்கு, வந்து ரேடியோவின் பிளக்கைக் கழற்றிக் கையோடு கொண்டு போனவர். இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

இவ்வளவு சட்டம் போட்ட ஆள் எங்கே இருப்பார் தெரியுமா? அந்தத் தூணுக்குப் பின்னால், ஒரு உயரமான ஸ்டூலில். மேடையில் நடப்பது ஒன்றும் தெரியாத இடம் அது. என்னைக் கண்காணிக்கத்தான் அங்கே ஒளிந்திருக்கிறார் என்று நான் வெகுகாலம் நம்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரக் கச்சேரிக்கு முன்னால், எரிச்சல் தாங்காமல் கேட்டேவிட்டேன்: முதலாளி நீங்கள், நல்ல இடமாகப் பார்த்து இருக்கலாமே, ஏன் இந்த மூலை? அவர் நான் மடத்தனமாகக் கேட்டுவிட்டது போலப் பார்த்தார். "உள்ளே வருகிற ஒருவரை எப்படி அந்த இடத்தில் இருத்துவது? யாராவது ஒருவர் அங்கே இருந்துதானே ஆக வேண்டும். எனக்குக் காது இருக்கிறது, அது போதும்" என்றார். அதற்குப் பிறகும் அவர் மேல் எனக்கு எரிச்சல் குறையவில்லை. ஆனால் தூணைப் பார்த்து முறைப்பதை விட்டுவிட்டேன்.

இனி எங்கள் கலியாணம். உன் அம்மா கொழும்பு வந்து, அங்கே ஒரு லொட்ஜில் மாதக்கணக்காக விசாவுக்குக் காத்திருந்து, இங்கே வந்து சேர்ந்தாள். தாய் தகப்பன் ஊரில். சண்டை நடந்துகொண்டிருந்த காலம், போன் கிடையாது, கடிதம் போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியாது. என்னைப் படத்தில் மட்டும் பார்த்திருந்தாள். மாமி வீட்டில் யார் என்ன கேட்டாலும் "ஓம்" என்பாள், அல்லது தலையாட்டுவாள், அதோடு சரி. சிரிக்கவே இல்லை. நான் நல்லவனா கெட்டவனா என்று யோசிக்கிறாளா, இல்லை ஊரை நினைக்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டிருக்கலாம். உன்னிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன், பெண்சாதி பேசாமல் இருந்தால் என்னவென்று அன்றைக்கே கேட்டுவிடு, ஊகித்துக்கொண்டு இராதே.

நாள் பார்த்து, ஒரு பாடசாலை மண்டபம் எடுத்து, எல்லாம் ஆயத்தம். கலியாணம் நடக்க வேண்டிய வாரத்தில் மண்டபத்தின் கூரைக்குள் தண்ணீர்க் குழாய் வெடித்துத் தரையெல்லாம் ஊறிப்போயிற்று. முகூர்த்தத்தை மாற்ற மாமி சம்மதிக்கவில்லை. வேறு மண்டபமும் கிடைக்கவில்லை. நான் சமையலறையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்த கிளைவ், என்ன என்று கேட்டார். சொன்னேன். காலையில் கிளப் சும்மாதானே கிடக்கிறது, இங்கே செய் என்றார். சாராயம் விற்கிற இடத்தில், நிலத்துக்குக் கீழே, கலியாணமா என்று நான் மிரண்டேன். மாமி மிரளவில்லை. போத்தில்களை மூடி வெள்ளைத் துணி கட்டினால் போயிற்று என்றாள். அவளுக்கு வேறொரு கவலை. "இடம் தாற மனுசனுக்கு முறையாச் சொல்லாம எப்பிடிக் கலியாணம் செய்யிறது? வீட்ட போய்ச் சொல்லோணும்" என்றாள். தினம் முகம் பார்க்கிற ஆள், தன்னுடைய இடத்தையே தருகிறார், அவரைப் போய் அவருடைய இடத்துக்கே அழைப்பதா என்று நான் கத்தினேன். என் கத்தல் மாமியிடம் எடுபட்டதாகச் சரித்திரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, மாமி பட்டுச் சேலை உடுத்து, தட்டத்தில் குங்குமம், கற்கண்டு, கார்ட் எல்லாம் வைத்துக்கொண்டு, ஹில்ஸ்பரோவில் கிளைவின் வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். மணி அடித்தோம். கிளைவ் பழைய பனியனோடு கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்தார், தட்டத்தைப் பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டார். மாமியின் முகம் இருண்டுபோயிற்று. கார்டும் வேண்டாம், கிளப்பும் வேண்டாம், வா போவோம் என்று திரும்பி கேட் வரைக்கும் வந்துவிட்டாள். எனக்கு அந்த நேரத்தில் இரண்டு பேர் மேலும் கோபம். பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம். கிளைவ் வெள்ளை ஷேர்ட் போட்டு, டை கட்டி, கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு ஓடி வருகிறார். இவ்வளவு உடுத்துக்கொண்டு வந்தவர்களிடம் பனியனோடு நின்று எப்படி வாங்குவது என்று மூச்சிரைக்கச் சொன்னார். மாமி குங்குமம் வைத்தாள். அவர் குனிந்து வாங்கிக்கொண்டார். அன்று பின்னேரக் கச்சேரிக்கும் அந்தப் பொட்டோடுதான் வந்து தூணுக்குப் பின்னால் இருந்தார், அழிக்கவில்லை.

இப்படி எழுதினால் எல்லாம் இனிமையாக நடந்தது போலத் தெரியும். அடுத்த நாளே சண்டை. நாதஸ்வரமும் தவிலும் கசெட்டில் போடுவதாகத்தான் ஏற்பாடு. அந்தக் காலத்தில் ஓக்லாந்தில் மேளக்காரருக்கு எங்கே போவது? எல்லாருடைய கலியாணமும் கசெட்டில்தான் நடந்தது. கிளைவ் ஒரே பிடியாக முடியாது என்றார். கலியாணம் என்றாலும் சட்டம் சட்டம்தான். நான் கெஞ்சினேன், பிறகு திட்டினேன். அவர் தன்னுடைய டிரம்ஸ்காரரையும் சாக்ஸபோன்காரரையும் தருகிறேன் என்றார். தாலி கட்டும்போது கெட்டிமேளம் வேண்டுமே, இவர்களுக்கு அது என்ன தெரியும்? கடைசியில் வேறு வழியில்லாமல் நானே டிரம்ஸ்காரருக்குச் சொல்லிக்கொடுத்தேன்: ஐயர் சுட்டுவிரலைத் தூக்கி ஆட்டுவார். அந்த விரலைக் கண்டதும் உன்னால் முடிந்த மட்டும் பலமாக, வேகமாக, நிறுத்தாமல் அடி. அவர், இதுபோல ஒரு சந்தர்ப்பத்துக்காகத்தான் இவ்வளவு காலம் காத்திருந்தேன் என்றார். அவரும் கிளைவின் சட்டங்களால் நொந்த ஆள்தான்.

கலியாணக் காலை. பக்கத்து வீட்டில் இருந்த டோங்கா தீவுக் குடும்பம் தந்த வாழைமரங்களைப் படிவழியே இறக்கி வாசலில் கட்டினோம். மேடையில் மணவறை. அதனால் டிரம்ஸைக் கீழே இறக்கித் தூணுக்கு அந்தப் பக்கம் வைக்க வேண்டியதாயிற்று. டிரம்ஸ்காரருக்கு ஐயர் தெரியமாட்டார். எனவே மாமியின் புருசன் ராசதுரை மாமாவை நடுவில் நிறுத்தினோம். ஐயர் விரலைத் தூக்கினால் மாமா தூக்க வேண்டும், மாமாவைப் பார்த்து டிரம்ஸ்காரர் அடிக்க வேண்டும். மாமாவுக்கு இந்த ஒரு வேலைதான். கிளைவ் வழக்கம்போலத் தூணுக்குப் பின்னால் போய் ஸ்டூலில் ஏறினார். மாமி விடவில்லை. முறையாகச் சொல்லி அழைத்த ஆள் என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்து முன்வரிசைக் கதிரையில் இருத்தினாள். அவர் அந்தக் கதிரையின் நுனியில், கையைத் தொடையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை போல இருந்தார்.

ஐயர் என்று சொன்னவர் வார நாட்களில் மருந்துக்கடையில் வேலை செய்கிறவர், மந்திரத்தை நிதானமாகத்தான் சொல்வார். ராசதுரை மாமாவுக்கு நின்று நின்று கால் வலித்திருக்கிறது, தொண்டையும் காய்ந்திருக்கிறது. தேத்தண்ணித் தட்டத்தோடு போன பெடியனைக் கண்டு, இங்கே ஒன்று கொண்டு வா என்று விரலைத் தூக்கி ஆட்டினார். அவ்வளவுதான். டிரம்ஸ்காரர் பிளந்து கட்டினார். சாக்ஸபோன் அலறியது. நிலத்துக்குக் கீழே உள்ள அறை, சுவரெல்லாம் அதிர்ந்தது. தூண் மறைத்ததால் பாதிச் சனத்துக்கு மணவறை தெரியாது. மேளம் கேட்டால் தாலி ஏறுகிறது என்றுதானே எங்களுக்கு. அத்தனை பேரும் கையில் வைத்திருந்த அறுகரிசியை, அதுதான் அட்சதையை, அள்ளி எங்கள் மேல் எறிந்துவிட்டார்கள். தாலி ஐயருக்கு முன்னால் தேங்காயின் மேல் அப்படியே கிடக்கிறது. என் தலையெல்லாம் அரிசி. மாமா கையில் தேத்தண்ணியோடு நிற்கிறார். நிறுத்தச் சொல்லி ஆட்கள் விரலைக் காட்டக் காட்ட டிரம்ஸ்காரர் இன்னும் பலமாக அடிக்கிறார்.

ஒருவழியாக அமைதி வந்தது. அரிசி முடிந்துவிட்டது. கீழே விழுந்ததை எடுத்துப் போடக்கூடாது என்று ஒரு சண்டை, இது என்ன சகுனம் என்று இன்னொரு முணுமுணுப்பு. உன் அம்மா குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். அவள் அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு மாமாவைக் கொல்ல வேண்டும் போல இருந்தது, என்னையும்தான். கிளைவ் எழும்பி வந்து என்னிடம் என்ன குறை என்று கேட்டார். அரிசி, அரிசி இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் முன்வரிசைக் கதிரையை விட்டுப் படியேறி வெளியே ஓடிவிட்டார்.

முகூர்த்தம் முடியப் போகிறது என்று ஐயர் அவசரப்படுத்தினார். மாமிதான் யோசித்தாள். நிறைகுடத்துக்குக் கீழே வாழையிலையில் பரப்பியிருந்த அரிசியை வழித்தெடுத்து, ஆளுக்கு ஒரு சிட்டிகை கொடுத்தாள். மாமாவை விலக்கிவிட்டு, அவர் நின்ற இடத்தில் தானே நின்றாள். ஐயர் விரலைத் தூக்கினார், மாமி தூக்கினாள், டிரம்ஸ்காரர் இரண்டாம் தரமும் குறைவில்லாமல் அடித்தார். நான் தாலியைக் கட்டினேன். மூன்றாம் முடிச்சுப் போட்டு நிமிர்ந்தபோது முன்வரிசையில் அந்தக் கதிரை மட்டும் வெறுமையாக இருந்தது.

எல்லாரும் மூச்சு விட்டு இருந்த பிறகுதான் படியில் கிளைவ் தெரிந்தார். டை தோளுக்குப் பின்னால் கிடக்கிறது. இரண்டு கையிலும் பை, ஒழுங்கை முனையில் இருந்த சீனச் சாப்பாட்டுக் கடையின் பை. உள்ளே பெட்டி பெட்டியாகச் சுடச்சுடச் சோறு. அவர் அதை மணவறைக்கு நேரே கொண்டு வந்து நீட்டி, அவிந்திருக்கிறது, பரவாயில்லையா என்று கேட்டார். என் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. உன் அம்மா சிரிக்கிறாள். கூறைச் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்து, முடியாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறாள். சிரித்து முடித்து, என்னைத் திரும்பிப் பார்த்து, அன்று வரைக்கும் எனக்கென்று அவள் சொல்லாத ஒரு முழு வசனத்தைச் சொன்னாள். "எறிஞ்சா ஒட்டும், சாப்பிடுவம்" என்றாள். அந்தச் சோற்றைத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் முதலில் பரிமாறினார்கள். என் கலியாணம் அந்த நிமிடத்தில்தான் தொடங்கியது என்று நான் நினைக்கிறேன். தாலி கட்டியதைத் தான் பார்க்கவில்லை என்று கிளைவ் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை. எப்படி இருந்தது என்று ஒரு தடவை உன் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அவள் ஒரு டீ டவலை என் கழுத்தில் கட்டிக் காட்டினாள், அதுவும் தலைகீழ்தான்.

நீ பிறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரக் கச்சேரிக்கு உன்னையும் தூக்கிக்கொண்டு வருவோம். கோட்டுகளைக் கழற்றிக் குவிக்கிற அறையில் அந்தக் கோட்டுகளின் மேலேயே உன்னைக் கிடத்துவோம். ஒரு நாள் மெதுவான பாட்டின் நடுவில் நீ வீரிட்டு அழுதாய். எனக்கு உயிரே போயிற்று. இருமியவர்களையே வெளியே அனுப்பிய மனுசன். கிளைவ் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து, உன் பக்கத்தில் நின்று, பிறகு மேடைக்காரரைப் பார்த்து, நீங்கள் கொஞ்சம் நிறுத்துங்கள், இவன் முடிக்கட்டும் என்றார். அத்தனை பேரும் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு நீ அழுது முடிக்கும்வரைக்கும் இருந்தார்கள். உனக்காக அந்த இடத்தில் கச்சேரி நின்றிருக்கிறது, தம்பி. உன் கலியாணத்தில் அவருக்கு ஒரு கதிரை இல்லையாம்.

நகரத்தின் நடுவில் வாரக்கணக்காக மின்சாரம் இல்லாமல் போனதே, அந்த வருடத்தோடு கிளப் படுத்துவிட்டது. மெழுகுதிரி வைத்து நடத்திப் பார்த்தார், சனம் வரவில்லை. அந்தக் காலத்திலும் ஒரு பாட்டரி ரேடியோ வைக்க விடவில்லை. பிறகு கட்டடம் கைமாறிற்று. எனக்கு அதற்கு முன்பே படவரைவு வேலை கிடைத்துவிட்டது, சமையலறை வேலையை விட்டு அதற்குப் போ என்று கலைத்துவிட்டதும் அந்த ஆள்தான். பைப்பைத் திறக்காமல் நிற்கப் பழகினவன் எங்கேயும் பிழைப்பான் என்றார். அது பாராட்டா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அந்தச் சட்டம் எங்கள் வீட்டில் மிஞ்சிவிட்டது. நான் இடையில் புகுந்து கதைத்தால் உன் அம்மா "கிளைவின்ர சட்டம்" என்பாள், நான் வாயை மூட வேண்டும். நான் சொல்லும்போது அவளும் மூடுவாள், அது அபூர்வம். நீயும் உன் வீட்டில் இதைச் செய்து பார். வாசிக்கிறவர் வாசித்து முடிக்கட்டும், பிறகு தண்ணீரைத் திறக்கலாம்.

இப்போது அவர் ஹில்ஸ்பரோவிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார், உனக்குத் தெரியும். அம்மா கொழுக்கட்டை செய்தால் ஒரு பங்கு அங்கே போகும். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உன் கலியாணம் பொருந்திவிட்டது என்று அம்மா ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்டியிருக்கிறாள், காதுதான் கேட்காதே. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பாட்டுக்குப் பிறகு தனக்கு வெள்ளை ஷேர்ட்டும் டையும் எடுத்துத் தரச் சொல்கிறாராம். அங்கே வேலை செய்கிற பிலிப்பினோப் பிள்ளை அம்மாவிடம் கேட்டிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை யார் வருவார்கள், இவர் யாருக்காக உடுத்துக்கொண்டு பொழுதுபடும்வரைக்கும் இருக்கிறார் என்று. அம்மா வீட்டுக்கு வந்து என்னோடு ஏறி விழுந்தாள். நான் உன்னோடு ஏறி விழுகிறேன்.

நீ ஈமெயில் போடுகிறேன் என்கிறாய்.

காது கேட்காதவருக்குக் கலியாணத்தில் என்ன பலன் என்று கேட்டாய் அல்லவா, பதில் சொல்கிறேன். காது இருக்கிறது, அது போதும் என்று சொல்லிச் சொல்லி நல்ல இடமெல்லாம் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் இருந்த மனுசன். அந்தக் காது போய்விட்டது. இனி அவருக்கு மிச்சம் இருப்பது கண் மட்டும்தான். நாங்கள் கட்டியதை அவர் பார்க்கவில்லை, எங்களுக்கு அரிசி வாங்கப் போய்விட்டார். நீ கட்டுவதைப் பார்க்கட்டும். சிட்னியிலிருந்து கூப்பிட்டிருக்கிற உன் மேளக்காரர் எவ்வளவு பலமாக வாசித்தாலும் அவருக்குத் தெரியாது, பரவாயில்லை. ஐயர் விரலைத் தூக்குவது தெரிகிற இடத்தில் முன்வரிசையில் ஒரு கதிரை போடு. ஆட்கள் கூடிவிட்டார்கள் என்றால் என் கதிரையை எடு, நான் பின்னால் நின்று பார்க்கிறேன். அரிசியை மட்டும் தாராளமாக வாங்கி வை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் போங்கள். தட்டத்தை அம்மா ஆயத்தம் செய்து வைத்திருக்கிறாள், குங்குமமும் கற்கண்டும் இருக்கிறது. கார்டை இரண்டு கையாலும் கொடு. அவர் உடுத்துக்கொண்டுதான் இருப்பார். ஒருவேளை அன்றைக்கென்று பார்த்து அலுத்துப்போய் டையைக் கழற்றியிருந்தால், உங்களைக் கண்டதும் கதவைச் சாத்துவார். கோபித்துக்கொண்டு திரும்பி வந்துவிடாதே. அந்த வயதில் டை கட்ட நேரம் எடுக்கும். வாசலிலேயே நில்லு.

உன் அப்பா